எட்டாவது மெட்டில் கரகரப்பு

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வகுப்பில் இருபத்தைந்து பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிற தமிழாசிரியன்தான். வீட்டில் பல்லி விழுந்தால் நாற்காலியில் ஏறி நிற்பேன். மின்தூக்கி இரண்டு மாடிக்கு நடுவே ஒரு நொடி தயங்கினால் எனக்கு வியர்த்துவிடும். அந்த மாதிரிப் பயங்கள் வந்த வேகத்திலேயே போய்விடும். மனைவி சிரிப்பாள், நானும் சிரிப்பேன். கிட்டாரிலிருந்து வந்த பயம் அப்படிப் போகவில்லை.

கிட்டார் வாசிப்பதைப் பள்ளியில் யாரிடமும் சொன்னதில்லை. தமிழாசிரியர் என்றால் மாலையில் பட்டிமன்றத்துக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார் என்று எல்லாரும் நம்புகிறார்கள், அதைக் கெடுப்பானேன். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணி முடித்த கையோடு வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டார் அது. சிவப்பு மங்கிப்போய், முன்கை படுகிற இடத்தில் மரம் தெரியும். பள்ளி விட்டு மார்சிலிங்கில் இருக்கிற வீட்டுக்கு வந்து, குளித்து, ஒரு காப்பி குடித்துவிட்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் வாசிப்பேன். பெரிய வித்துவான் ஒன்றுமில்லை. தெரிந்த ஏழெட்டுத் துண்டுகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். அந்த அரைமணி நேரம் இல்லாவிட்டால் நான் வீட்டில் வைத்துக்கொள்ள லாயக்கில்லாத ஆள் என்பது என் மனைவியின் கருத்து.

ஒரு வியாழக்கிழமை அதில் கரகரப்புக் கேட்டது.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாக உலோகக் கம்பிகளைப் பதித்திருப்பார்கள். வீணையில் மெட்டு என்போமே, அதேதான். அவற்றின் மேலே நீளவாக்கில் ஓடுகிற நரம்பை ஒரு மெட்டுக்குப் பக்கத்தில் விரலால் அழுத்தினால், அங்கிருந்து அது முடிகிற அடிப்பாலம் வரைக்கும் அது தாராளமாக அதிர வேண்டும். வழியில் இன்னொரு மெட்டில் லேசாக உரசிவிட்டால், ஸ்வரத்தோடு ஒரு ‘ஜ்ர்ர்’ சேர்ந்துகொள்ளும். தமிழில் ரீங்காரம் என்று ஓர் அழகான சொல் இருக்கிறது. அதை இதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இது கரகரப்பு. முதல் ஐந்து மெட்டுகளில் எந்த விரலை வைத்தாலும் வந்தது. எட்டாவது மெட்டில், நான் சுண்டுவிரலை வைக்கிற இடத்தில், இன்னும் மோசமாக வந்தது.

வேறு யாராவது என்றால் கிட்டாருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நான் என் இடது கையைப் பார்த்தேன்.

என் அப்பாவுக்கு முதலில் போனது இடது சுண்டுவிரல். துறைமுகத்தில் எழுத்தராக இருந்தார். ஒரு நாள் காலையில் அவரால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. கை சரியில்லை என்று அவர் சொல்லவில்லை. பொத்தான் துளை சின்னதாகிவிட்டது, சலவை இயந்திரம் துணியைச் சுருக்கிவிட்டது என்றார். அம்மா பிளேடை எடுத்து வைத்துக்கொண்டு எல்லாச் சட்டைகளின் துளைகளையும் கீறிப் பெரிதாக்கினார். நாங்கள் நான்கு மாதம் சட்டையைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு மருத்துவர் இது நரம்பு சம்பந்தப்பட்ட நோய் என்றார், வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னார். மூன்றாவது வருடம் அப்பா இல்லை. கடைசி வருடம் அவருக்குக் கரண்டியால் ஊட்டியதும் கைகால் துடைத்துவிட்டதும் என் மனைவி. கல்யாணமாகி வந்த முதல் வருடமே அவளுக்கு அந்த வேலை.

அது வந்தபோது அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. எனக்கு ஐம்பத்தொன்று.

கிட்டார் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று யாராவது கடவுளிடம் வேண்டிக்கொண்டிருப்பார்களா என்று தெரியவில்லை. நான் வேண்டிக்கொண்டேன். கழுத்து வளைந்திருக்க வேண்டும், மெட்டு தூக்கிக்கொண்டிருக்க வேண்டும், எதுவாக இருந்தாலும் மரத்திலும் உலோகத்திலும் இருக்க வேண்டும். எப்படிப் பரிசோதிப்பது என்று தேடிப் படித்தேன். தடித்த நரம்பை முதல் மெட்டில் ஒரு கையாலும் கடைசி மெட்டில் இன்னொரு கையாலும் அழுத்திக்கொண்டு, நடுவில் நரம்புக்கும் மெட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தாள் நுழைகிற அளவு இடைவெளி இருந்தால் கழுத்து சரி. ஜன்னலோரம் குனிந்து பார்த்தேன். இடைவெளியே இல்லை. நரம்பு மெட்டுகளின்மேல் ஒட்டிக் கிடந்தது.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து மனைவி என்னவென்று கேட்டாள். கிட்டார் கெட்டுப்போய்விட்டது என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் ஆவணம் சரிபார்க்கிற வேலை அவளுக்கு, அந்த வாரம் மாலை ஷிஃப்ட்.

கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. அதைச் சாவியால் திருப்பினால் கழுத்து நிமிரும் அல்லது வளையும். அதிகம் திருப்பினால் கம்பி உள்ளேயே முறிந்துவிடும் என்றும் படித்தேன். அதற்குமேல் நான் தொடவில்லை. சனிக்கிழமை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு லிட்டில் இந்தியா போனேன்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேல்மாடியில், என் பழைய மாணவி ஒருத்தி கிட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். அவள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் துணி வியாபாரம். இவள் மட்டும் மரத்தூளும் ஈயப் புகையுமாக உட்கார்ந்திருக்கிறாள். முப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, தலைத்துணியின் ஓரத்தில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். என் வகுப்பில் ஒரு விதி உண்டு. ஆங்கிலச் சொல் வாயில் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், அதற்குத் தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடித்த பிறகுதான் உட்காரலாம். இவள் ஒருமுறை ‘ஸ்டேப்ளரு’க்காக ஒரு பாடவேளை முழுக்க நின்றவள்.

“சார், இது என் ஷாப்பு. ஆனா உங்க ரூல்தான். இங்கிலீஷ் வந்தா நிக்கணும்,” என்று சொல்லிக்கொண்டே ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினாள்.

“ஷாப்பு, ரூல். ரெண்டு ஆச்சு. முதல்ல நீ நில்லு,” என்றேன்.

அவள் நின்றுகொண்டேதான் கிட்டாரைப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தோம். கழுத்து, தலை, உடம்பு, பாலம் எல்லாம் சுலபமாக வந்தன. மெட்டு என்ற சொல்லை அவளே சொன்னாள், எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசியில் அவள் கம்பி என்று சொன்னதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பி என்றால் ஜன்னல் கம்பி, யாழுக்கு இருந்தது நரம்புதான், இதற்கும் அதுதான் என்றேன். எனக்கு இந்த மாதிரி விஷயத்தில் பிடிவாதம் அதிகம்.

“ஓகே லா சார். நரம்பு,” என்றாள்.

கிட்டாரை எங்கே வைத்திருந்தேன் என்று கேட்டாள். பாம் ஷெல்ட்டரில் என்றேன். அரசு கட்டித் தந்த எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் சமையலறைக்குப் பக்கத்தில், தடித்த சுவரும் இரும்புக் கதவுமாக ஒரு சின்ன அறை. குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டியது. எல்லா வீட்டிலும் அரிசி மூட்டையும் பயணப்பெட்டியும்தான் அதில் ஒளிந்திருக்கும். நவம்பர் மழை தொடங்கியபோது ஈரத்தில் கிட்டார் பாழாகிவிடுமோ என்று பயந்து அதை அந்த அறையில் வைத்தேன். காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிற டப்பா கடைகளில் விற்கிறதல்லவா, அதில் எட்டு வாங்கிச் சுற்றி அடுக்கினேன். வாசித்து முடித்ததும் உள்ளே வைத்து இரும்புக் கதவை இறுக்கிச் சாத்திவிடுவேன்.

“அந்த ரூமுக்கு எட்டா?” என்றாள். கொஞ்ச நேரம் சிரித்தாள். “சார், நீங்க கிட்டாரைக் கருவாடு போட்டிருக்கீங்க.”

மரம் காய்ந்து கழுத்து பின்பக்கமாக வளைந்துவிட்டதாம். அதனால்தான் நரம்பு மெட்டில் படுத்துக் கிடக்கிறது. ஒரேயடியாகத் திருப்பக் கூடாது, கொஞ்சம் திருப்பி ஒரு நாள் விட்டு, மறுபடி திருப்ப வேண்டும், கிட்டார் இங்கேயே இருக்கட்டும் என்றாள். நான் கையை வீசிக்கொண்டு படியிறங்கினேன். ஒரு கடையில் நின்று பரோட்டாவும், நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீரும் வாங்கிச் சாப்பிட்டேன். குற்றவாளி மரம் என்று தீர்ப்பு வந்த நாள் அது.

செவ்வாய்க்கிழமை மாலை அந்தப் பழைய மாணவி கைபேசியில் கூப்பிட்டாள். நான் கூடத்தில் கட்டுரை திருத்திக்கொண்டிருந்தேன், கைபேசியை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியில் போட்டேன். உள்ளறையில் மனைவி சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்ததை நான் யோசிக்கவே இல்லை. பேச்சு இப்படி நடந்தது.

“சார், நல்லாப் பார்த்துட்டேன். கழுத்து நான் நெனச்சதைவிட மோசமா வளைஞ்சிருக்கு. நரம்பு ஆறும் செத்துப்போச்சு.”

“ஆறுமா?”

“ஆறுமே. உயிரே இல்ல. அஞ்சாவதும் ஆறாவதும் தேய்ஞ்சிருக்கு, ஆனா இப்போதைக்குத் தாங்கும்.”

“கழுத்தைத் திருப்புறப்ப ஒடிஞ்சிடாதே?”

“பயப்படாதீங்க சார், மெதுவாத்தான் திருப்புவேன். ஒரு நாள் விட்டுப் பார்ப்போம்.”

“வீட்டுல ஒண்ணும் சொல்லல. நீ சரியாப் பாத்து முடி,” என்று சொல்லி வைத்தேன். கிட்டாருக்குப் புதிதாகச் செலவு வைத்தால் மனைவி முணுமுணுப்பாள், அதற்காகச் சொன்னது.

அன்றிரவு சாப்பாட்டில் கஞ்சி வந்தது. யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டேன். சும்மாத்தான் என்றாள் மனைவி. மறுநாள் மீனும் காய்கறியும் வாங்கிக்கொண்டு ஈரச்சந்தையிலிருந்து வரும்போது என் கையிலிருந்த பைகளை வாங்கித் தானே தூக்கிக்கொண்டாள். நகரும் படிக்கட்டில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்து நான்கு வருட வாழ்க்கையில் அவள் என்னைக் கேலி செய்யாமல் ஒரு நாள் முழுக்க இருந்ததில்லை. இப்போது தொடர்ந்து மூன்று நாள் இருந்தாள். தூங்கப் போகுமுன் தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணி என் கழுத்தில் தடவிவிட்டாள்.

அவள் என் கையைப் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நான் குவளையைப் பிடிக்கிற விதத்தில், சாவியைத் திருப்புகிற விதத்தில் எதையோ கவனித்துவிட்டாள். அப்பாவுக்கு ஊட்டியவள் அல்லவா, அவளுக்குத் தெரியாதா. அன்றிலிருந்து சாப்பிடும்போது இடது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்ப்பாள், நான் தட்டைப் பார்ப்பேன்.

சனிக்கிழமை கிட்டாரை வாங்கி வந்தேன். கடையில் வைத்து முதல் ஐந்து மெட்டுகளிலும் வாசித்துப் பார்த்தேன், தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. எட்டாவதை நான் அங்கே தொடவில்லை. மறந்துவிட்டேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. அந்த மாணவி எதிரில் வாசிக்கத் துணிச்சல் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி வேலைக்குப் போன பிறகு உட்கார்ந்தேன். புது நரம்புகள் பளபளவென்று இருந்தன. ஆள்காட்டி விரலை ஐந்தாவதில் வைத்து, சுண்டுவிரலை எட்டாவதில் வைத்தேன். ஜ்ர்ர். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்ப வந்து வைத்தேன். ஜ்ர்ர். இன்னும் பலமாக அழுத்தினேன். சுண்டுவிரல் நடு மூட்டில் மடங்கிச் சரிந்தது. இருபது தடவையாவது வைத்திருப்பேன். அதற்குப் பிறகு கிட்டாரைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, மின்விசிறிக்குக் கீழே தரையில் படுத்துக்கொண்டேன். அந்தப் பெண் சரியாகப் பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொன்னேன். எட்டாவதுக்கு அடுத்த மெட்டு தூக்கியிருக்கும். அவசரத்தில் விட்டிருப்பாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை எங்கே இருக்கிறது. ஒரு மணி நேரம் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலையில் மனைவிக்கு விடுமுறை, எனக்குப் பள்ளியில் பிற்பகல்தான் வேலை. காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

“அந்த டாக்டர் பொண்ணு என்னதாங்க சொல்லுது?”

“எந்த டாக்டர்?”

“மறைக்காதீங்க. செவ்வாக்கிழமை ஃபோன் பண்ணிச்சே. நான் எல்லாத்தையும் கேட்டேன்.” காப்பிக் குவளையைத் தள்ளி வைத்தாள். “கழுத்து வளைஞ்சிருக்குன்னு சொல்லிச்சு. நரம்பு ஆறும் செத்துப்போச்சுன்னு சொல்லிச்சு. அஞ்சாவது எலும்பும் ஆறாவது எலும்பும் தேய்ஞ்சிருக்காம். நீங்க வீட்டுல சொல்லலன்னு சொல்றீங்க. எட்டு நாளா நான் வேலையிடத்துல கழிவறையில போய் அழுதுட்டு வர்றேன்.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் சிரிப்பு வந்தது. கிட்டாரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, இது கழுத்து, இது நரம்பு, இது அஞ்சாவது மெட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பிறகு என் தோளில் நான்கு அடி வைத்தாள்.

“ஸ்ட்ரிங்குன்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா? ஊரே ஸ்ட்ரிங்குன்னுதானே சொல்லுது. உங்க தமிழைக் கொண்டுபோய்க் கடல்ல போடுங்க. நரம்பாம் நரம்பு.”

“யாழுக்கு…”

“யாழும் வேணாம் ஒண்ணும் வேணாம். இனிமே இந்த வீட்டுல கிட்டாருக்கு ஸ்ட்ரிங்கு. இல்லன்னா நீங்கதான் நிக்கணும்.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். “கருவாடு” என்று அந்தப் பெண் சொன்னதைச் சொல்லி மறுபடி சிரித்தேன். எண்ணெய் தேய்த்ததைச் சொல்லிச் சிரித்தேன். சிரிக்கும்போதே என் இடது கை கால்சட்டைப் பைக்குள் போயிருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். வழி திறந்து கிடந்தது. ஆனால் எட்டு நாள் அழுதவளின் முகம் அப்போதுதான் தெளிந்திருந்தது, அதை மறுபடி கலைக்க என்னால் முடியவில்லை. இப்படித்தான் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம், வாயால் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்ற பயம்.

மறு சனிக்கிழமை கிட்டாரை மறுபடி தூக்கிக்கொண்டு அந்த மாடிக்குப் போனேன். எட்டாவது மெட்டில் இன்னும் வருகிறது, நீ சரியாகப் பார்க்கவில்லை என்று கொஞ்சம் காரமாகவே சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கழுத்தைப் பார்த்தாள், தாள் நுழைகிற இடைவெளி இருந்தது. கையகல எஃகுப் பட்டை ஒன்றை எடுத்து மும்மூன்று மெட்டுகளின்மேல் குறுக்கே வைத்து ஆட்டிப் பார்த்தாள். ஏதாவது ஒரு மெட்டு தூக்கியிருந்தால் பட்டை பூங்காவில் இருக்கிற ஏற்ற இறக்கப் பலகை மாதிரி ஆடும். ஏழு, எட்டு, ஒன்பது. ஆடவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. ஆடவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அது ஆட வேண்டும் என்று வேண்டினேன்.

பிறகு அவள் கிட்டாரை மடியில் வைத்து எட்டாவது மெட்டில் தன் சுண்டுவிரலை வைத்து மீட்டினாள். சுத்தமான ஸ்வரம். ஆறு நரம்பிலும் மீட்டினாள். ஆறும் சுத்தம்.

“நீங்க ஒருக்கா வாசிங்க சார்.”

வாசித்தேன். ஜ்ர்ர்.

“விரல மெட்டுக்கு இன்னும் கிட்ட வைங்க.”

வைத்தேன். அப்படியேதான் வந்தது. ஆள்காட்டி விரலால் அதே இடத்தை அழுத்தச் சொன்னாள். தெளிவாக இருந்தது. நடுவிரல், தெளிவு. மோதிர விரலில் லேசான உரசல். சுண்டுவிரலில் மறுபடி ஜ்ர்ர். அவள் என் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ப்ரெஷர் பத்தல சார்,” என்றாள். ஆங்கிலச் சொல். அவள் எழுந்து நிற்கவில்லை, நானும் நிற்கச் சொல்லவில்லை.

“ரெண்டு கையையும் இப்படி வைங்க.”

வேலை மேசைமேல் விளக்குக்குக் கீழே இரண்டு புறங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை புடைப்பாக இருந்தது. இடது கையில் அந்த இடம் உள்வாங்கியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அங்கே சின்னதாக ஒரு நிழல் விழுந்தது.

“இங்க குழியா இருக்கே சார். அந்தக் கையில இல்ல,” என்றாள் மெதுவாக.

எனக்கு அந்தக் குழி தெரியும். மருத்துவமனைக் கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த அப்பாவின் கையில் அதைத்தான் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கீழே பாத்திரக் கடையில் யாரோ எவர்சில்வர் அடுக்குகிற சத்தம் ரொம்பத் தூரத்திலிருந்து கேட்டது.

அவள் தண்ணீர் கொடுத்தாள். தன் மாமாவுக்கும் இப்படி இருந்ததாகவும், முழங்கையில் நரம்பு மாட்டிக்கொண்டதுதான் காரணம் என்றும், சின்ன அறுவை செய்து இப்போது அவர் துவாஸில் லாரி ஓட்டுகிறார் என்றும் வேகமாகச் சொன்னாள். என் அப்பாவைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. நான் தலையாட்டினேன். பிறகு அவள், என் முகத்தைப் பார்க்க முடியாமலோ என்னவோ, கிட்டாரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“மெல்லிசா வேற நரம்பு போட்டு, உயரத்தையும் கொஞ்சம் மாத்தித் தரலாம் சார். லேசா அழுத்தினாலே போதும். கரகரப்புத் தெரியாது. ஆனா…”

அவள் முடிக்கவில்லை. அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், நான் நன்றாக வாசிக்கலாம், ஆறு மாதத்துக்காவது எதுவும் கேட்காது. எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அம்மா பிளேடோடு உட்கார்ந்திருந்த அந்த நான்கு மாதம் நினைவுக்கு வந்தது. வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றேன்.

டோபி காட் நிலையத்தில் ரயில் மாறினேன். கிட்டாரை இரண்டு காலுக்கும் நடுவே நிறுத்திவைத்து, வழியெல்லாம் வலது கட்டைவிரலால் அந்தக் குழியை அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு நிறுத்தத்தில் அது ஆழமாக இருந்தது, அடுத்த நிறுத்தத்தில் ஒன்றுமே இல்லை என்று பட்டது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் கைகளைப் பார்த்தேன், பக்கத்து ஆளின் கைகளைப் பார்த்தேன். எல்லாருக்கும் அங்கே சதை இருந்தது. மனைவியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று மார்சிலிங் வரைக்கும் முடிவு செய்ய முடியவில்லை. முழங்கையாக இருந்தால் வீணாக அவளை மறுபடி அழவைத்தவனாவேன். முழங்கையாக இல்லாவிட்டால் என்ன என்பதை நினைக்கவே முடியவில்லை.

மனைவி காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, சீருடைகூட மாற்றாமல் சமையலறையில் கீரை அலசிக்கொண்டிருந்தாள்.

“கிட்டார் சரியாயிடுச்சா?”

“கிட்டாருக்கு ஒண்ணுமில்ல,” என்றேன்.

அவள் குழாயை மூடினாள். திரும்பவில்லை.

“நீ அன்னிக்குப் பயந்தது தப்பில்ல,” என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல் வரவில்லை. எதற்கும் தமிழ்ச் சொல் கேட்டு நிற்கவைக்கிற எனக்கு ஒன்றுமே வரவில்லை. பக்கத்தில் போய், தொட்டியோரம் இரண்டு கையையும் சேர்த்து வைத்தேன். அவள் ஈர விரலால் இடது கையை மட்டும் எடுத்து, சரியாக அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு வருடம் அப்பாவின் கையைத் துடைத்தவள்.

“எத்தன நாளா?”

“கிட்டாரைக் குடுக்கறதுக்கு முன்னாடியிருந்தே. எனக்குப் பயமா இருந்துச்சு.”

திட்டுவாள் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்து, எதையோ தேடி, என் முன்னால் நீட்டினாள். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்க்க என் பெயருக்கு முன்பதிவு. வருகிற வியாழக்கிழமை, காலை ஒன்பதேகால்.

“எப்ப எடுத்த?”

“அந்தப் பொண்ணு ஃபோன் பண்ணிச்சே, அன்னிக்கே.”

“அதான் அது கிட்டார்னு தெரிஞ்சு போச்சே. கேன்சல் பண்ணலயா?”

“பண்ணலாம்னுதான் ஃபோனைக் கையில எடுத்தேன்,” என்றாள். “நீங்க அன்னிக்கு ரொம்ப நேரம் சிரிச்சீங்க. உங்களுக்கு அவ்வளவு சிரிப்பு வராது.”

கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு மறுபடி குழாயைத் திறந்தாள்.

“நான் ஷிஃப்ட் மாத்திட்டேன். நீங்க ஸ்கூல்ல சொல்லிடுங்க.”